கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

1814இல் மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவுக்கு வந்தார் வில்லியம் ஓல்ட் பாதிரியார். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர். 1815 ஏப்ரலில் அவரும் மறைந்தார். ஓராண்டுகூட நிறையாத அந்த ஊழியத்தில் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கிடைத்த கொஞ்சக் காலத்தில் எதை முதலில் செய்வது என்று தெரிந்திருந்தாரே, அதுதான் தேவஞானம்.

தம்பி, தங்கச்சி! உயர்தரப் பெறுபேறு உங்கள் படிப்பைக் காட்டும். அந்தப் படிப்பை யாருக்காகச் செலவிடுவது, எந்த நட்பை விடுவது, எந்த வேலையை ஏற்பது என்று தெரிய ஞானம் வேண்டும். இளம் அரசன் சாலொமோன் செல்வத்தைக் கேட்கவில்லை. நன்மை தீமை பிரித்தறியும் மனதைக் கேட்டான். நாளை காலை கைப்பேசியை எடுக்குமுன் நீங்களும் அதையே ஆண்டவரிடம் கேளுங்கள்.

வாசிக்க: 1 இராஜாக்கள் 3, யாக்கோபு 1:5