கீறல் விழாத தட்டுகள்

பழைய இசைத்தட்டு வாங்கும் கடைக்காரர் பாட்டைக் கேட்டு விலை சொல்வதில்லை. தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடுகிறார். அமெரிக்காவில் இதற்கு ‘கோல்ட்மைன்’ பத்திரிகை வகுத்த தர வரிசைதான் வேதம். ஏறக்குறையப் புதிது என்றால் முழு விலை. ஒரு படி இறங்கினால் பாதி, இன்னொரு படி இறங்கினால் கால்.

நான் சேர்த்த இண்டி ராக் தட்டுகளை விற்கப் போனபோது விளைவு வேடிக்கையாக இருந்தது. என் அலமாரியில் நல்ல விலைக்குப் போனவை எல்லாம் நான் அதிகம் கேட்காதவை. யாரோ புகழ்ந்தார்கள் என்று வாங்கி, ஓரிரு முறை ஓடவிட்டு, உறைக்குள் போட்டு மறந்தவை. பரீட்சை இரவுகளில் ஓடி ஓடித் தேய்ந்தவற்றை அவர் மரியாதையாக என் பக்கமே நகர்த்திவிட்டார். சந்தை என் அலட்சியத்துக்குக் காசு கொடுத்தது; பிரியத்துக்குக் கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் வட கரோலினாவில் படிக்க வந்தவனுக்கு இண்டி ராக் தேடிப் போக வேண்டிய பொருளல்ல. சூப்பர்சங்க் குழுவின் மேக் மெக்காகனும் லாரா பலான்ஸும் 1989இல் மெர்ஜ் ரெக்கார்ட்ஸைத் தொடங்கியது பக்கத்துச் சேப்பல் ஹில்லில்தான். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் தாங்களே பதிவு செய்து தாங்களே விற்றவர்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. கிடாரின் இரைச்சல் அவ்வளவாகப் பிடிக்காத நாட்களிலும் திமிர் பிடித்திருந்தது என்பதே உண்மை.

ஆகவே விற்கும்போது எதை இழக்கிறேன்? பாட்டு எங்கும் போகவில்லை, போனில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர் அலமாரியை ஒரு பார்வை பார்த்து, நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்வாரே, அந்த வசதிதான் போகிறது. இந்த வயதில் அது தேவையில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது முட்டி வலி பற்றித்தான் பேசுகிறார்கள்.

இசைத்தட்டு பண்டமாகிவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதற்கு ‘ப்ரொப்பெல்லர்’ ஆல்பம் நல்ல உதாரணம். ஒஹையோவின் டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் பொல்லார்டின் கைடட் பை வாய்சஸ் குழு 1992இல் வெளியிட்டது. மொத்தம் 500 பிரதிகள். உறைகளைக் குழுவினரும் நண்பர்களும் கையாலேயே செய்தார்கள். ஒன்று போல இன்னொன்று இருக்காது. இன்று ஒரு பிரதி ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதன்மேல் முள்ளை வைக்கத் துணிவாரா? கைமாறும் பணத்தில் உறைக்கு வண்ணம் தீட்டியவர்களுக்கு ஒரு சென்ட்கூடப் போகாது. ஒருமுறை விற்ற பொருள்மேல் விற்றவருக்கு உரிமையில்லை என்பதுதான் அமெரிக்கச் சட்டம்.

கடைக்காரர் நியாயமானவர். அவர் சொன்ன விலைக்கே பெரும்பாலானவற்றைக் கொடுத்தேன், வருத்தமில்லை. தேய்ந்தவை என்னிடமே இருக்கின்றன, அதிலும் வருத்தமில்லை.

டிஸ்கார்ட் கம்பெனியின் தட்டுகளில்தான் கை தயங்கியது. இயன் மெக்கேயும் நண்பர்களும் 1980இல் வாஷிங்டனில் தொடங்கியது அது. மெக்கேயின் ஃபுகாசி குழு நுழைவுக் கட்டணம் ஐந்து டாலரைத் தாண்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது. அந்தக் கம்பெனி, தபால் செலவு உட்பட எங்களிடம் இதன் விலை இவ்வளவு என்று உறையிலேயே அச்சிட்டு வந்தது. எந்தக் கடைக்காரரும் வாங்குபவனை ஏமாற்றக் கூடாது என்ற எண்ணம். அந்த எழுத்தின்மேல் பல மடங்கு விலையுள்ள ஸ்டிக்கரை ஒட்டவிட எனக்கு மனம் வரவில்லை.

அவற்றை மட்டும் திரும்ப எடுத்துவந்து, தெருக்கோடியில் குடியிருக்கும் மாணவனுக்கு உறையில் போட்ட விலைக்கே கொடுத்தேன். அடுத்த வாரமே அவன் இணையத்தில் ஏற்றி லாபம் பார்ப்பான் என்று மனைவி சொல்கிறாள். பார்க்கட்டும். காசு கொடுத்துவிட்டான், இனி அது அவன் தட்டு.