எதை எண்ணுவது?

2003 ஒக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராகவிருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் தமது உயரதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். நாளாந்தம் பிடிக்கப்படுவோரும் கொல்லப்படுவோரும் புதிதாகச் சேர்க்கப்படுவோரை விட அதிகமா என்பதே அதில் அவர் எழுப்பிய வினா. அதை அளப்பதற்கு அளவுகோல் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த வினா இன்னும் செத்துவிடவில்லை. அல்-கைதா பலவீனமடைந்ததா? தலைவர்களை எண்ணினால் ஆம் என்றே சொல்லவேண்டும். உஸாமா பின் லாதின் 2011 மே 2இல் அபோதாபாத்திலும், அய்மன் அல்-ஸவாஹிரி 2022 ஜூலை 31இல் காபூலிலும் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 3000 உயிர்களைப் பறித்த 2001 செப்டெம்பர் 11 போன்றதொரு தாக்குதலை அவ்வியக்கத்தால் அமெரிக்க மண்ணில் மீண்டும் நடத்த இயலவில்லை. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், கிளைகளை எண்ணினால் விடை மாறுகிறது. யெமனிலும் சோமாலியாவிலும் மாலியிலும் அதற்கு விசுவாசம் தெரிவித்த ஆயுதக் குழுக்கள் பின்னாளில் வேரூன்றின.

எண்ணிக்கை இரு விடைகளைத் தரும்போது காரணத்தைத்தான் தேடவேண்டும். ஈராக்கின் அன்பார் மாகாணம் இதற்குத் தக்க பாடமாகும். 2003 படையெடுப்பின் பின்னரே அங்கு இவ்வியக்கம் காலூன்றியது. 2004இல் அபூ முஸ்அப் அல்-ஸர்காவி பின் லாதினுக்கு பைஅத் செய்தார். அபூகுரைப் சிறையின் சித்திரவதைப் படங்கள் வெளியானதும் அவ்வாண்டில்தான். 2006 ஜூனில் ஸர்காவி குண்டுவீச்சில் மாண்டார். இரத்தம் சிந்துவது நிற்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் அன்பார் கோத்திரத் தலைவர்கள் அவ்வியக்கத்திற்கெதிராகத் திரும்பியதே பெரும் திருப்பம். தம் பெரியவர்களையே கொன்றவர்களுக்கு இனி இடமில்லை என அவர்கள் முடிவுசெய்தனர். 2008 அளவில் சுமார் ஓர் இலட்சம் பேர் அந்த 'ஸஹ்வா' அணிகளில் இருந்தனர்.

பின்னர் என்ன நடந்தது? அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட அரச உத்தியோகம் பலருக்குக் கிட்டவில்லை. 2013இல் ஹவீஜாவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது படையினர் சுட்டனர். 2014 ஜூனில், அதே ஈராக் கிளையின் வழித்தோன்றலும் அல்-கைதாவே கைகழுவிவிட்டதுமான ஐ.எஸ். மோசுல் நகரைப் பிடித்தது.

இயக்கத்தை வீழ்த்தியது பெருமளவில் அதன் சொந்த அநியாயம். அதை எழுப்பிவிட்டது எதிர்த்தரப்பின் அநியாயம். ஆகவே, நீதி என்பது யுத்தம் முடிந்தபின் வழங்கும் தர்மமன்று. அது யுத்தத்தின் உள்ளேயே இருக்கவேண்டிய ஒன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2021 ஓகஸ்ட் 29இல் காபூலில் அமெரிக்க ஆளில்லா விமானமொன்று 7 சிறுவர்கள் உட்பட 10 பொதுமக்களைக் கொன்றது. தவறு நேர்ந்ததாகப் பின்னர் பென்டகன் ஏற்றுக்கொண்டது. அச்சிறுவர்களின் உறவினர் ஒருவரேனும் ஆயுதம் தூக்கப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த மரணங்கள் கணக்கில் வராதா? பயனை மட்டும் அளக்கும் தராசில் அவற்றிற்கு எடையில்லை. அந்தத் தராசை மாற்றாமல், வென்றோமா தோற்றோமா என்று கேட்பதில் அர்த்தமில்லை.