மடி

கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வடக்கனந்தல் கழனிகளில் ஆரைக்கீரையை யாரும் விதைத்ததில்லை. சேற்றில் கொடியோடி, காம்புக்கு நாலு இலையாகத் தானே வரும். பூக்காது, காய்க்காது; பெரணி இனம். இதன் நெருங்கிய உறவு ஒன்று இத்தாலியின் நெல்வயல்களில் ஒருகாலத்தில் வெறும் களை. களைக்கொல்லி வந்தபின் தேடினாலும் கிடைப்பது அரிதாயிற்று. இன்று ஐரோப்பாவின் 1992-ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்பு ஆணை அதைக் காக்கிறது. களைக்குப் பதவி உயர்வுதான். ஆனால் ஏறக்குறைய செத்தபிறகே கிடைக்கும்.

கோலாவுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் கருகிய கோலாவுக்குத் தண்ணீர் புகட்டும் காட்சியைச் செல்போனில் பார்த்து உச்சுக்கொட்டினோம், நானும்தான். 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதிகளில் அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அந்நாட்டு அரசு அறிவித்தது. நியாயம்தான்.

கோலாக்குட்டி அவரை விதை அளவில், கண் திறவாமல் பிறந்து, தாயின் வயிற்றுப்பையில் ஆறு மாதம் வளர்கிறது. ஆரைக்கும் பை உண்டு. காம்படியில் மிளகுபோல் இறுகிய கூடு. ஏரி வற்றி மண் வெடித்தாலும் உள்ளிருக்கும் வித்துத்தூள் சாகாது. உலர்தாவரச் சேகரிப்பில் நூறாண்டு கிடந்த கூடுகள்கூட ஈரம் பட்டதும் உயிர்த்திருக்கின்றன. பொறுமையில் கோலா இதற்குப் பக்கத்தில் வராது. என்ன, இந்தப் பைக்கு மேலே ஒரு முகம் இல்லை.

கோலாவின் நாட்டிலும் ஆரை உண்டு, நார்டூ என்பார்கள். அங்குள்ள பழங்குடிகள் அந்தக் கூடுகளைப் பக்குவப்படுத்தி உண்டார்கள். 1861-ல் கூப்பர் ஓடைக்கரையில் சிக்கிய பர்க், வில்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயணிகள், பக்குவம் தெரியாமல் அதையே வயிறாரத் தின்றும் நலிந்து இறந்தார்கள்.

நம் பக்கத்தில் பக்குவம் தெரிந்தவர்கள் களை பறிக்கும் பெண்கள். ஆரையை மட்டும் தனியே ஒதுக்கி, சேலை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். கடைசல் அன்றைக்கு அதில்தான். இப்போது முதுகில் டேங்க் மாட்டிய ஒருவரே காலையோடு வேலையை முடித்துவிடுகிறார். இங்கே ஆரை எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் சேரும் அளவுக்கு இன்னும் குறையவில்லை.

போன மழைக்கு வாய்க்கால் ஓரம் கொஞ்சம் பறித்து வந்தேன். ஆயா வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"மருந்து அடிக்காத கழனிதானாடா?"

சொல்லத் தெரியவில்லை. கீரை முறத்திலேயே கிடந்தது.