ஒட்டுக் கேட்கவா, காது கொடுக்கவா?

அமெரிக்கக் கல்லூரிகளில் 1998-ல் அரபி படித்தவர்கள் சுமார் 5,500 பேர். 2002-ல் 10,000-ஐத் தாண்டினார்கள். 2009-ல் ஏறக்குறைய 35,000. நடுவில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2001 செப்டம்பர் 10 அன்று, அதாவது கோபுரங்கள் விழுந்ததற்கு முந்தின நாள், அமெரிக்க உளவுத் துறை இரண்டு அரபிப் பேச்சுகளை ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்திருந்தது. 'நாளைக்கு' ஏதோ நடக்கப் போகிறது என்ற மாதிரி இருந்தன. மொழிபெயர்த்துக் கைக்கு வந்தது 12-ம் தேதி! அப்புறம் சும்மா இருப்பார்களா? 'அரபி படிங்க, பணம் தர்றோம்' என்றது அரசாங்கம். 2006-ல் புஷ் அறிவித்த திட்டத்தின் பெயரே 'தேசியப் பாதுகாப்பு மொழி முயற்சி'.

ஒரு ஜனத்தைப் பார்த்துப் பயந்து, அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்வது சரியா? தப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. உயிர்களைக் காப்பாற்றத்தானே? ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்று பார்ப்போம்.

அரபி லேசில் மடங்கும் மொழி இல்லை. எழுத்து என்னவோ 28-தான். ஆனால், அநேக எழுத்துகளுக்கு வார்த்தையின் ஆரம்பத்தில் ஒரு முகம், நடுவில் ஒன்று, கடைசியில் இன்னொன்று. குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதே கிடையாது. அர்த்தம் புரிந்தால்தான் சரியாக வாசிக்கவே முடியும். க், த், ப் என்ற மூன்று மெய்களைப் பிடித்துக்கொண்டால் கிதாப் (புத்தகம்), காதிப் (எழுதுபவர்), மக்தப் (அலுவலகம்), மக்தபா (நூலகம்) என்று ஒரு குடும்பமே வந்து நிற்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளின் அரபிப் பயிற்சிக்கு ஒதுக்குவது 2,200 மணி நேரம். ஸ்பானிஷைப் போல மூன்று மடங்கு.

அங்கே பல கல்லூரிகளில் பாடப்புத்தகம் 'அல்-கிதாப்'. ஆரம்பப் பாடத்திலேயே மாணவன் கற்கிற வார்த்தைகளில் ஒன்று, ஐக்கிய நாடுகள் சபை! தக்காளிக்கு அரபி தெரியாது, ஐ.நா. சபைக்குத் தெரியும் என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள். அதே புத்தகத்தில் மஹா என்று ஒரு பெண். அப்பா எகிப்து, அம்மா பாலஸ்தீனம், வசிப்பது நியூயார்க். தொடக்கப் பாடங்களிலேயே அவள், 'இந்த ஊரில் எனக்குத் தனிமையாக இருக்கிறது' என்கிறாள். எதிரியின் மொழி என்று நினைத்து வந்த பையன், பரீட்சைக்காக அதை நாலு தடவை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, ரெண்டு வருஷம் படித்தாயிற்று. கெய்ரோவில் இறங்கி, 'வேண்டும்' என்பதற்குப் புத்தகத்தில் படித்த 'உரீது'வைப் போட்டால் டாக்ஸிக்காரர் சிரித்துவிடுவார். அங்கே அது 'ஆயிஸ்'. பெய்ரூட்டில் 'பித்தி'. நமக்கு இதெல்லாம் புதுசில்லை. மார்க்கெட்டில் போய், 'எனக்குக் கத்தரிக்காய் தேவைப்படுகிறது' என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். 'அல்-கிதாப்'கூட 2011-ல் வந்த மூன்றாம் பதிப்பில், எகிப்து, சிரியா பக்கத்துப் பேச்சு வழக்குகளைக் கூடவே வைத்துக் கற்பிக்க ஆரம்பித்தது.

ஏட்டு மொழியைப் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பேச்சு அப்படியில்லை, யாராவது தந்தால்தான் உண்டு. யாரோ ஒருவர் உங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு, 'அப்படியில்ல, இப்படி' என்று திருத்த வேண்டும். இது கடன். அப்படிக் கற்ற மொழியை வைத்துக்கொண்டு அதே ஆள் வீட்டுச் சுவரில் காதை வைத்தால்? இடிக்கிற இடம் இதுதான்.

நமக்கும் இது நடந்திருக்கிறது. 1812-ல் 'சென்னைக் கல்விச் சங்கம்' என்ற கல்லூரியை ஆரம்பித்து, கம்பெனி தன் அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது. தமிழ் மேல் காதலா? நிர்வாகம், வரி வசூல். ('வசூல்' அரபியிலிருந்து வந்த வார்த்தை!) ஆனால், அதற்கு முன்னின்ற எல்லிஸ் துரை திருக்குறளுக்கு உரை எழுத உட்கார்ந்துவிட்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே எழுதினார், கால்டுவெல்லின் புத்தகத்துக்கு 40 வருஷம் முன்னால். அதற்காக கலெக்டர் உத்தியோகத்தை அவர் விட்டுவிடவில்லை. வள்ளுவரையும் வாசித்தார், வரியும் வசூலித்தார்.

ஆகவே, மொழி படித்தால் மனசு தானாக விரிந்துவிடும் என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை. அது ஒன்று மட்டும் செய்யும். 'அவங்க என்ன பேசறாங்கன்னே எனக்குத் தெரியாது' என்ற சாக்கைப் பிடுங்கிக்கொண்டுவிடும். அதன் பிறகு நாம் செய்வது எல்லாம் தெரிந்தே செய்வது.

அமெரிக்காவில் அரபி படிப்போர் எண்ணிக்கை 2021-ல் 23,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. மற்ற பல மொழிகளுக்கும் அங்கே கூட்டம் குறைந்திருக்கிறது, அரபிக்கு மட்டும் என்றில்லை. ஆனாலும் இன்றைக்கும் ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பையன், தனிமையாக இருக்கிறது என்று மஹா சொல்வதை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். என்ன காரணத்துக்காக வந்தானோ, இருக்கட்டும். ஒட்டுக் கேட்கிறவனுக்கும் காது கொடுக்கிறவனுக்கும் இலக்கணம் ஒன்றுதான். ஒட்டுக் கேட்கிறவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. காது கொடுத்தவன் அவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.