உச்சியா, உடன்பிறப்பா?

உடன்பிறந்த இருவர் மலையேறுகிறார்கள். ஒருவர் களைத்து உட்கார்ந்துவிட்டால், மற்றவர் அவரை விட்டுவிட்டு உச்சிக்குப் போவது முறைதானா?

மிஸ்று நாட்டில் எங்களுக்கே இக்கேள்வி எழுந்தது. தம்பியும் நானும் கெய்ரோவிலிருந்து காரில் புறப்பட்டு, சூயஸ் கால்வாய்க்கு அடியிலுள்ள சுரங்கப் பாதையைக் கடந்து, ஸினாய் பாலையிலுள்ள 'ஜபல் மூஸா'வை அடைந்தோம். உயரம் 2,285 மீட்டர். இரவிலேயே ஏறத் தொடங்கினோம். ஒட்டகப் பாதை முடிந்த பிறகும் 750 கற்படிகள் உண்டு. அங்கே தம்பிக்கு முழங்கால் மடங்க மறுத்தது. "நீங்க போய் வாங்க காக்கா" என்றான். நான் போகவில்லை. அங்கேயே இருவரும் ஃபஜ்ரு தொழுதுவிட்டு மெல்ல இறங்கினோம்.

"நபி மூஸா (அலை) அவர்களும் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களை விட்டுவிட்டுத்தானே தூர் மலைக்குச் சென்றார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அவர்கள் சென்றது ரப்பின் அழைப்பை ஏற்று. அதுவும் சமுதாயப் பொறுப்பைச் சகோதரரிடம் ஒப்படைத்துவிட்டு. நம்மை உச்சிக்கு அழைப்பதோ நம்முடைய நஃப்ஸு!

திரும்பி வந்தபோது சமூகம் காளைக்கன்றை வணங்கியிருக்கக் கண்டு, கோபத்தில் சகோதரரின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் தாயின் உறவைச் சொல்லித் தம் நிலையை விளக்கியதும், தமக்கும் சகோதரருக்கும் சேர்த்தே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார்கள். அல்லாஹ்வே பேசிய பெரும் பாக்கியம் பெற்றவர்கள், சகோதரரின் ஹக்கை மறக்கவில்லை.

வாப்பா விட்டுச் சென்ற ஒரு முழச் சுவருக்காக உடன்பிறந்தாரோடு பேச்சை நிறுத்தியிருப்போரே! ஏறி நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி இறங்கி வரக் கூடாதா?