திருப்பத்தில் வெளிச்சம்



சாதாரண மோட்டார் வண்டியின் விளக்கு நேராகவே பார்க்கும். இரவில் பாதை வளையும்போது வெளிச்சம் வயலில் விழும். போகவேண்டிய பாதையோ இருளில் கிடக்கும். இக்குறையை நீக்கப் பிரான்சு தேசத்துச் சிட்ரோயன் கம்பெனியார், 1967-ம் ஆண்டில் தங்கள் டி.எஸ். காரின் உட்புற விளக்குகள் இரண்டையும் கம்பிகளால் ஸ்டியரிங்கோடு இணைத்தார்கள். ஓட்டுகிறவர் சக்கரத்தைத் திருப்பினால் விளக்கும் திரும்பும், வளைவு தெரியும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கை திருப்பாமல் விளக்குத் திரும்பாது.

நாமோ, “வழி முழுவதும் தெரியட்டும், பிறகு திரும்பலாம்” என்கிறோம். வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சு நின்று பல வருடமாயிற்று. அவன் என்ன சொல்வானோ, ஊர் என்ன நினைக்குமோ என்று நேரே போய்க்கொண்டிருக்கிறோம். நேரே இருப்பது பள்ளம்!

திரும்பவேண்டும் என்று உள்ளத்தில் எழும் ஏவுதலே தேவ வரப்பிரசாதம். அதற்கு இணங்கி மனதைத் திருப்புங்கள். அடுத்த அடிக்கு வேண்டிய வெளிச்சத்தை ஆண்டவர் தருவார். ஊர் போய்ச் சேரும்வரை அல்ல, அந்த வளைவுவரை, அது போதும்.

ஆகையால் இவ்வாரமே தம்பியின் வாசற்படி ஏறுங்கள். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். தேவதாய் உங்களுக்குத் துணையிருப்பாளாக.