இரண்டு நிமிட இடைவெளி

தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டு தொடங்கியது 'கேப் எபிக்' எனும் மலை மிதிவண்டிப் போட்டி. எட்டு நாள்கள் கரடுமுரடான பாதையில் இருவர் கொண்ட அணிகள் போட்டியிடும். அணித்தோழர் இருவரிடையே இரண்டு நிமிடத்திற்கு மேல் இடைவெளி விழுந்தால் தண்டனை உண்டு. பின்னால் வருபவர் எல்லைக்கோட்டைக் கடக்கும் நேரமே அணியின் நேரம்.

விரைந்து செல்லும் வலிமையிருந்தும் காத்து நிற்பவர் எதையேனும் இழக்கிறாரா? தனிமனித வெற்றியையே போற்றும் உலகம் ஆம் என்னும். யாக்கோபோ, தம் பிள்ளைகளின் நடைக்கேற்ப மெல்ல வருவதாகக் கூறி ஏசாவை முன்னே அனுப்பினார் (தொநூ 33:14). பிள்ளைகளைப் பின்னே விட்டுவிட்டு ஒரு தந்தை எங்கே போய்ச் சேர முடியும்?

ஆயினும், தளர்ந்தவருக்கும் கடமை உண்டு. நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் மூழ்கும்போது, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டுகையில் அடியிலிருப்பவர் கயிற்றை அசைக்க வேண்டும். அசைத்தால்தான் மேலிருப்பவர் இழுப்பார். தம் தளர்ச்சியை மறைக்கும் வீண்பெருமை, துணைவரின் அன்பையும் பயனற்றதாக்கிவிடும்.

போட்டியில் தண்டனைக்கு அஞ்சியும் காத்திருக்கலாம். இல்லத்திலும் பங்கிலும் அத்தகைய விதி எதுவும் இல்லை. அங்கே திரும்பிப் பார்க்க மனமில்லாதோரும் உண்டு. கயிற்றை அசைக்க நாணுவோரும் உண்டு. நம்முள் பலர் ஒரே நாளில் இருவருமாக இருக்கிறோம். இன்றிரவு செபிக்குமுன் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.